தந்திக்காரன் கை

கை உழைப்பாலேயே ஜீவனம் செய்கிற ஜனங்கள் நிறைந்த பிரதேசம் எங்கள் இராமநாதபுரம் கடற்கரை. வள்ளம் தள்ளுகிறவர்களும், பனை ஏறுகிறவர்களும், உப்பு வாருகிறவர்களும், கரைவலை இழுக்கிறவர்களுமாகிய இவர்களுடைய உள்ளங்கைகள் காய்த்துத் தடித்து, பார்ப்பவர்களுக்கு ஒரு மரியாதையை உண்டாக்கும். இவர்களுக்கு நடுவில், நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பெருவிரலும் இரண்டு விரல்களுமாக ஒரு சின்னஞ்சிறு குமிழைக் கால் அங்குலங்கூட நகர்த்தாமல் மேலும் கீழும் அசைத்து மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த தந்திக்காரர்களாகிய எங்களுடைய கைகள்தாம் முந்தி ஓய்ந்துபோயின என்று சொன்னால், விஷயம் தெரியாதவர்கள் நகைப்பார்கள். கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர் என் மணிக்கட்டில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, கடுதாசி ரொம்பக் கனமா இருந்துச்சா?" என்று கேட்டார். அவர் பரிகாசம் செய்தது நியாயமே. ஆனால் கனமே இல்லாத ஒரு சிறு அசைவு, ஆயிரம் ஆயிரமாக, ஒரே தசையின்மேல், அவசரத்தோடும் பயத்தோடும் வந்து விழும்போது கை எப்படிக் கெடும் என்பது எங்கள் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1964ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாம்பன் பாலத்தின் கர்டர்கள் கடலில் விழுந்து, தந்திக் கம்பங்கள் சாய்ந்து கிடந்த கதையை எனக்கு முன்னிருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேனேயன்றி, நான் வேலைக்கு வந்தது அதற்குச் சில வருஷங்களுக்குப் பின்புதான். பெரிய நகரங்களில் அப்போது டெலிபிரிண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சென்னைக் கிண்டியில் 1960இல் ஏற்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொழிற்சாலை அவற்றை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியிருந்தது. எங்களைப்போன்ற கடற்கரை ஆபீஸ்களுக்கோ பழைய பித்தளைக் கீயும் சவுண்டருமே கதி. கீயை அழுத்தினால் கம்பியில் மின்சாரம் போகும். மறுமுனையில் சவுண்டரின் இரும்பு நாக்கு காந்தத்தால் இழுபட்டுக் 'கட்' என்று ஒலிக்கும். விட்டால் மறுபடியும் ஒலிக்கும். இரண்டு ஒலிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகினால் புள்ளி, நீண்டால் கோடு. கேட்கிறவன் காதினால் கேட்டுக்கொண்டே கையினால் பென்சில் பிடித்து, கார்பன் தாள் பதியும்படி அழுத்தி எழுத வேண்டும். ஆகவே அனுப்பினாலும் கைக்கு வேலை, வாங்கினாலும் அதே கைக்கு வேலை.

இந்த வேலையின் அளவைக் கணக்காகப் பார்த்தால்தான் விளங்கும். தந்தி வேகத்தை அளக்க 'பாரிஸ்' என்ற ஊர்ப்பெயரை மாதிரிச் சொல்லாக வைத்திருந்தார்கள். அந்த ஐந்தெழுத்துச் சொல்லை அடிக்க, புள்ளியும் கோடுமாகக் கீயை 14 தடவை அழுத்த வேண்டும். நிமிஷத்துக்கு 20 சொல் என்பது ஒரு நடுத்தரமான கைக்குச் சாதாரண வேகம். அப்படியானால் நிமிஷத்துக்கு 280 அழுத்தல். இடைவிடாமல் ஒரு மணி நேரம் அடித்தால் 16,800. வலை இழுக்கிறவர் ஒரு நாள் முழுவதும் இழுத்தாலும் அவருடைய கை அத்தனை தடவை மூடித் திறக்காது.

இராமேசுவரம் தீவின் தந்திப் போக்குவரத்து மற்றச் சிற்றூர்களுடையதைப் போன்றதன்று. தை அமாவாசை, ஆடி அமாவாசைக் காலங்களில், காசியிலிருந்து கங்கைச் செம்போடு வந்து, அக்கினி தீர்த்தத்தில் ஸ்நானம் செய்து, ஈர வேஷ்டியோடு நேரே தந்தி ஆபீஸுக்கு வருகிற யாத்திரிகர்கள் இருந்தார்கள். க்ஷேமமாக வந்து சேர்ந்தோம் என்ற ஒரே வாக்கியத்தை மார்வாருக்கும் மைசூருக்கும் ஆந்திர தேசத்துக்கும் வரிசையாக அனுப்ப வேண்டியிருக்கும். பாம்பனிலும் மண்டபத்திலும் இறால் வியாபாரம் வளர்ந்தபிறகு, விலை கேட்டும் விலை சொல்லியும் வியாபாரிகளுடைய தந்திகள் சாயங்காலத்தில் குவிந்தன. அவை பெரும்பாலும் இலக்கங்கள். மோர்ஸ் முறையில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஐந்து அழுத்தல். இவை எல்லாவற்றினும் சிரமமானவை தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பல் வரும் நாட்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்தவர்கள், தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருட்டுகளும் குழந்தைகளுமாகக் கரையிறங்கி, தாங்கள் கண்ணாலும் கண்டிராத சித்தப்பன் பெரியப்பன்மாருக்குத் திருச்சி, புதுக்கோட்டை, திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களின் பெயர்களைத் தாத்தா சொன்ன உச்சரிப்பிலேயே சொல்லித் தந்தி கொடுப்பார்கள். படிவத்தையும் நாங்களே எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிய கை ஆறுவதற்கு முன்னே கீயில் உட்கார வேண்டும். கல்யாண வாழ்த்துத் தந்திக்காவது ஓர் எண்ணைப் போட்டால் வாசகம் முழுவதும் அதில் அடங்கிவிடும். இவர்களுடைய துக்கமும் வறுமையும் அப்படி ஓர் எண்ணுக்குள் அடங்குபவை அல்ல.

வியாதி எப்படித் தொடங்குகிறது என்பதை விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். புதியவர்கள் கோடுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். கோட்டில் கை ஒரு கணம் அழுத்திய நிலையில் நிற்கிறது. அந்த நிற்றலே அதற்கு ஓய்வு. புள்ளிகளே கையைத் தின்பவை. ஆங்கில எழுத்துக்களில் 'ஈ'க்கு ஒரு புள்ளி, 'ஐ'க்கு இரண்டு, 'எஸ்'ஸுக்கு மூன்று, 'ஹெச்'சுக்கு நான்கு, 5 என்ற இலக்கத்துக்கு ஐந்து. சேஷாசலம், சேஷாத்திரி என்று பெயருள்ள புண்ணியவான்கள் இராமேசுவரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதைத் தந்திக்காரனிடம் கேட்க வேண்டும். அப்பெயரின் முதல் ஐந்தெழுத்தை அடிக்கையில் 12 புள்ளிகள் வரிசையாக விழுந்த பின்புதான் முதல் கோடு வருகிறது. நல்ல கைக்கு அது ஒரு ஜதி போல ஓடும். கெடத் தொடங்கிய கையோ, 'ஹெச்'சின் நான்காவது புள்ளியில் போய் நின்றுவிடும்; அல்லது நிறுத்த முடியாமல் ஐந்தாவதாக ஒன்றைப் போட்டுவிடும். அப்போது மறுமுனையில் எழுத்து இலக்கமாகிவிடும்.

ஒரு நாள் மதுரையில் கீயில் இருந்தவர் நடுவில் என்னை நிறுத்தி, "கீயில் யார்?" என்று கேட்டார். ஒவ்வொரு தந்திக்காரனுடைய அடியும் அவனவன் கையெழுத்தைப் போலப் பிரத்தியேகமானது; முகமே பார்த்திராமல் வருஷக்கணக்காக ஒருவரையொருவர் அடியினாலேயே அறிந்திருப்போம். அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பதிலிருந்துதான் என் கை மாறிவிட்டது என்று எனக்கு உறைத்தது. முன்கையின் மேற்புறத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, ஒரு மந்தமான வலி அதற்கு முன்பே சில மாதங்களாக இருந்துவந்தது. இரவில் அது இல்லை. காலையில் சட்டைப் பித்தான் போடும்போதும் இல்லை. கீயில் அமர்ந்து கால் மணி நேரம் ஆனதும் எழும். பிறகு கிணற்றில் வாளிக் கயிற்றைப் பிடிக்கும்போதும் எழத் தொடங்கியது. வலி வேலையை விட்டு வீட்டுக்கும் வருவதுதான் அலட்சியம் செய்யக்கூடாத கட்டம் என்று பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

தந்திக்காரர்களுக்குள் இருவகைக் கைகள் கெடுவதைக் கண்டிருக்கிறேன். ஒன்று மேலே சொன்னபடி தசைநாணும் அதன் உறையும் உராய்ந்து வீங்கி வலிப்பது. இது ஓய்வுக்குக் கட்டுப்படும். மற்றொன்று இசிவு. அதில் வலி அநேகமாக இராது. ஊசியில் நூல் கோக்கவும், வெற்றிலை மடிக்கவும், வீணை வாசிக்கவுங்கூட அந்தக் கை தடையில்லாமல் உதவும். கீயைத் தொட்ட மாத்திரத்தில் மட்டும் விரல்கள் முறுக்கிக்கொண்டு, பெருவிரல் குமிழைப் பிடித்தது பிடித்தபடி விடாமல் நிற்கும். எனக்கு மூத்தவர் ஒருவர் இவ்விதம் அவதிப்பட்டார். அவர் பாசாங்கு செய்கிறார் என்று சக ஊழியர்களே பேசிக்கொண்டார்கள். காரணம், அவர் கேரம் ஆட்டத்தில் எல்லாரையும் ஜெயித்துக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கு மட்டும் கை கீழ்ப்படியாமற்போவது மூளையைச் சேர்ந்த ஒரு கோளாறு என்பதை இன்றைய நரம்பு வைத்தியர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அக்காலத்தில் அதைச் சொல்ல எங்கள் ஊரில் ஆளில்லை.

ஆனால் உலகத்தில் சொல்லாமல் இல்லை. இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்பவர் தொழிலாளிகளின் வியாதிகளைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டு, 1713இல் அதை விரிவாக்கியபோது, கணக்கெழுதுபவர்களையும் நகலெடுப்பவர்களையும் பற்றித் தனியாக எழுதினார். ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை எப்போதும் ஒரே திசையில் அசைத்தல், பிழை வந்துவிடக்கூடாதே என்று மனத்தை இறுக்கிவைத்திருத்தல் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகக் கூறினார். வலக்கை விழுந்துபோன எழுத்தர் ஒருவர் இடக்கையால் எழுதப் பழக, சில காலத்தில் அந்தக் கைக்கும் அதே வியாதி வந்ததாகவும் அவர் குறித்திருக்கிறார். பிரான்ஸ் தேசத்து வைத்தியர் ஓனிமூஸ் 1875இல் தந்திக்காரர்களின் இசிவை விவரித்தார். இங்கிலாந்தில் 1908இல் அது நஷ்டஈட்டுச் சட்டத்தின் வியாதிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே தபால் இலாகா நியமித்த கமிட்டி 1911இல் கொடுத்த அறிக்கையில், திரும்பத் திரும்ப வரும் களைப்பு ஒரு காரணம், ஊழியனுடைய நரம்புத் தளர்ச்சி மற்றொரு காரணம் என்று தீர்த்தார்கள். இந்த இரண்டாவது காரணத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒருவன் நரம்புத் தளர்ச்சியோடு உத்தியோகத்துக்கு வருகிறான் என்பதைவிட, உத்தியோகம் அவனை அப்படி ஆக்குகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 'நாளை வருகிறேன்' என்பதில் ஒரு புள்ளி பிசகினால் ஒருவர் ஸ்டேஷனில் வீணாகக் காத்திருப்பார். மரணச் செய்தியில் பெயர் பிசகினால் ஒரு குடும்பமே தவறாக அழும். அந்தப் பயத்தில் பெருவிரல் தானாகவே இறுகும். ராமஸ்ஸினி அதைக் கமிட்டிக்கு 200 வருஷங்களுக்கு முன்பே கண்டுகொண்டார் என்பதுதான் ஆச்சரியம்.

சிகிச்சை விஷயத்துக்கு வருகிறேன். கை வலி என்றதும் எங்கள் பக்கத்தில் முதலில் வருவது நொச்சியிலை. அதை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள், உப்பை வறுத்தும் ஒற்றுவார்கள், பிறகு தைலம். நீவி விடுகிறவர்களில் கைதேர்ந்தவர்கள் தசையின் ஓட்டத்தோடு மெதுவாக நீவுவார்கள். அரைகுறைகள் வலிக்கிற இடத்திலேயே பெருவிரலை ஊன்றி அமுக்கி, வீங்கியிருக்கும் உறையை மேலும் புண்ணாக்குவார்கள். இவற்றை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். சூடு இதமானது, இரவில் தூக்கம் வரும். ஆனால் காலையில் அதே கீயில், அதே மேஜையில், அதே வேகத்தில் போய் உட்கார்ந்தால், ராத்திரி சம்பாதித்ததைப் பகலில் செலவழித்துவிடுவோம். நீண்ட லீவும் அப்படித்தான். லீவில் வலி போய்விடும். திரும்பிவந்து முதல் நாளே முழு வேலை பார்த்தால், ஓய்ந்து மெலிந்த தசை முன்னிலும் விரைவில் தோற்கும். லீவு முடிந்து வந்த வாரத்திலேயே மறுபடி கட்டுப் போட்டுக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

மதுரையில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் மருந்தைக் குறைவாகவும் கேள்விகளை அதிகமாகவும் வைத்திருந்தவர். எந்த நாற்காலி, எந்த மேஜை, முழங்கை எங்கே இருக்கிறது, கட்டைவிரல் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டுவிட்டு, தம் மேஜைமேல் இருந்த மைக்கூட்டு மூடியைக் கீயாகப் பாவித்து அடித்துக்காட்டச் சொன்னார். நான் அடிக்க அடிக்க என் முன்கையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தவர், "புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் உங்கள் தசை தளரவே இல்லையே, தம்பி, அடிக்காதபோதும் அடித்துக்கொண்டிருக்கிறீர்களே" என்றார். இராத்திரியில் மட்டும் மணிக்கட்டை நேராக வைக்கும்படி ஒரு பலகைக் கட்டு, பகலில் சில வாரங்களுக்குக் கீயைத் தொடாமல் கவுண்டர் வேலை, அப்புறம் அளந்து அளந்து திரும்புதல் என்று விதித்தார். அனுப்புகிறவன் களைப்பது அழுத்துவதனால் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். விடாமல் பிடித்திருப்பதனால் களைக்கிறான் என்று தெரிந்தபின், கீயின் விஷயத்திலும் புத்தி வந்தது.

கீயில் இரண்டு இடங்களில் திருகு உண்டு. பின்புறத்துத் திருகு, குமிழ் எவ்வளவு கீழே போக வேண்டும் என்ற இடைவெளியை நிர்ணயிக்கும். நடுவிலுள்ளது சுருள்வில்லின் விறைப்பை நிர்ணயிக்கும். இராத்திரி டியூட்டிக்காரர் கனத்த கையராக இருந்தால், வில்லை விறைப்பாக்கி, இடைவெளியையும் அகலமாக்கி வைத்துவிட்டுப் போவார். காலையில் வருகிற மெல்லிய கைக்காரர் அதை மாற்றாமல், அவருடைய பலத்துக்கு ஏற்ற வேலையைத் தம் விரலால் செய்துகொண்டிருப்பார். இடைவெளி ஒரு கனமான காகிதம் நுழையும் அளவு இருந்தால் போதும். வில், விரலை எடுத்தவுடன் குமிழைத் தூக்கிவிடும் அளவு இருந்தால் போதும். குமிழைப் பிடிக்கக்கூடாது, அதன்மேல் விரல்கள் இளைப்பாற வேண்டும். சுட்டுவிரலும் நடுவிரலும் மேலே, பெருவிரல் பக்கவாட்டில் தொட்டும் தொடாமலும். முன்கை முழுவதும் மேஜைமேல் படிந்திருக்க, அசைவு மணிக்கட்டிலிருந்து புறப்பட வேண்டும். கீயை மேஜை விளிம்பில் திருகிவைத்திருக்கும் ஆபீஸ்களில் இது சாத்தியமே இல்லை. முழங்கை அந்தரத்தில் தொங்கும். தோள் அதைத் தாங்கித் தாங்கிக் கழுத்தும் வலிக்கும். ஆகவே நான் எங்கே போனாலும் முதலில் ஒரு திருப்புளியைக் கேட்டு வாங்கி, கீயைக் கழற்றி உள்ளே தள்ளிப் பொருத்துவது என் வழக்கமாயிற்று. இதற்காகச் சிலர் என்னைக் கிறுக்கன் என்றார்கள்.

திரும்புகிற கிரமம் இதுதான். முதலில் கம்பியோடு சேராத ஒரு பழைய கீயில் சில நிமிஷங்கள் மட்டும், கோடுகள் மிகுந்த எழுத்துக்களாகப் பொறுக்கி, மெதுவான வேகத்தில் அடித்துப் பழகினேன். மறுநாள் காலையில் வலி முந்திய நாளைவிட மிகவில்லையென்றால் கொஞ்சம் கூட்டுவது. மிகுந்திருந்தால் முந்திய அளவுக்கே இறங்குவது. வேகத்தை ஒருநாளும் நேரத்தோடு சேர்த்துக் கூட்டவில்லை. நேரம் கூடும் வாரத்தில் வேகம் நிற்கும். உண்மையான கம்பியில் உட்கார்ந்தபோதும், தந்திக்கும் தந்திக்கும் நடுவில் படிவத்தைப் புரட்டும் அந்தச் சில கணங்களில் கையை மடியில் மல்லாத்திப் போட்டுவிடுவேன். பலர் ஓய்வு என்றால் மத்தியான்னத்தில் ஒரு மணி நேரம் என்று நினைக்கிறார்கள். களைத்துப்போன பிறகு கொடுக்கும் பெரிய ஓய்வைவிட, களைப்பதற்கு முன் கொடுக்கும் சில்லறை ஓய்வே கைக்குப் பயன்பட்டது. இடக்கையையும் பழக்கினேன், ஆனால் ராமஸ்ஸினி சொன்ன எழுத்தரின் கதியை நினைத்து, அதை மாற்றுக்கையாகவே வைத்தேன், ஒருபோதும் முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றவில்லை. வருஷம் திரும்புவதற்குள் மதுரைக்காரர் மறுபடி என்னை அடியினாலேயே அறிந்துகொண்டார். இசிவு கண்ட அந்த மூத்தவரோ கடைசி வரையில் கவுண்டரிலேயே இருந்து ரிட்டயர் ஆனார். எத்தனை ஓய்வு கொடுத்தும் அவர் கை கீக்குத் திரும்பவில்லை. எல்லாக் கையும் தேறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

கருவியை மாற்றிக் கையைக் காப்பாற்றலாம் என்று அமெரிக்காவில் வெகு முன்பே கண்டிருக்கிறார்கள். ஹொரேஸ் மார்ட்டின் என்பவர் 1904 வாக்கில் ஒரு கீயை உண்டாக்கினார். அதில் பெருவிரலால் ஒரு தகட்டைப் பக்கவாட்டில் தள்ளினால், வில்லின் அதிர்வினால் புள்ளிகள் தாமாகவே சரஞ்சரமாக விழும். 'வைப்ரோபிளெக்ஸ்' என்று அதற்குப் பெயர். சேஷாத்திரியை அதில் அடித்திருந்தால் எத்தனை சுகமாக இருந்திருக்கும் என்று எண்ணியதுண்டு. எனக்குக் கடைசியில் விமோசனம் அளித்தது டெலிபிரிண்டர். அதில் பத்து விரல்களுக்கும் பாரம் பங்காகிறது. ஆயினும் விசைப்பலகையும் நிரபராதி அன்று என்பதை 1980களில் ஆஸ்திரேலியாவில், தட்டச்சும் கணினியும் தட்டியவர்களிடையே கைவலி பரவி, அதைக் குறித்துப் பெரிய வாதப் பிரதிவாதங்கள் எழுந்தபோது உலகம் தெரிந்துகொண்டது. அங்கேயும் 1911இல் போலவே, இது கையின் வியாதியா மனத்தின் வியாதியா என்றே சண்டை.

உத்தியோகம் விட்டபின் கடற்கரையில் உலாவும்போது, மற்றவர்களுடைய கைகளைப் பார்ப்பதே என் பொழுதுபோக்காகிவிட்டது. கரையில் நைலான் வலை பொத்துகிறவர்களின் கையைக் கவனித்தால், வலை ஊசியைச் செலுத்தும் விரல்களுக்கு ஆபத்தில்லை. கண்ணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்கிப் பிடித்துக்கொண்டு, முடிச்சை வெடுக்கென்று இறுக்கும் அந்தப் பிடிக்குத்தான் ஆபத்து. பெருவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கத்தில் வரும் அந்த வலியை 1895இல் விவரித்த சுவிட்சர்லாந்து ரணவைத்தியர் டி கெர்வேன் பெயராலேயே டாக்டர்கள் இன்றும் அழைக்கிறார்கள். பெருவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்தால் சுரீர் என்று வலிக்குமாயின் சந்தேகப்படலாம். நாள் கூலிக்குப் பொத்துகிறவர்கள் நடுவில் எழுந்து தேநீர் குடிப்பார்கள், பேசுவார்கள், ஊசியில் நூல் சுற்றும் வேலைக்கு மாறுவார்கள். இவர்களுக்கு வலி குறைவு. எண்ணிக்கைக் கூலிக்குப் பொத்துகிறவர்கள் தலை நிமிர்வதில்லை. வேலை ஒன்றே, கூலி கொடுக்கும் முறைதான் கையைக் கெடுக்கிறது.

மண்டபத்திலும் பாம்பனிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை மிதவைகளில் வளர்க்கிறார்கள். பன்னிரண்டு அடிச் சதுர மூங்கில் மிதவை ஒன்றுக்கு 60 கிலோ விதைப்பாசியை, 150 கிராம் அளவுத் துண்டுகளாக்கிக் கயிற்றில் கட்ட வேண்டும். அதாவது மிதவைக்கு ஏறக்குறைய 400 முடிச்சு. ஈரக் கயிறு, உப்புத் தண்ணீர், தரையில் குனிந்து உட்கார்ந்த நிலை; பெரும்பாலும் பெண்கள். இதற்கு முந்திய தலைமுறையினர் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கினார்கள், இன்றும் பிடுங்குகிறார்கள். பாசி அழியாமலிருக்க, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவதென்று அவர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டதைக் கேள்விப்பட்டு, சின்னப்பாலத்து அம்மாள் ஒருவரிடம் கைவலியைப் பற்றி விசாரித்தேன். "அந்த லீவுல கையும் தேறிக்கிருதுங்கய்யா, முன்னெல்லாம் சோத்துப்பானைய எறக்க மாட்டாம மகளக் கூப்புடுவேன்" என்றார். எந்தக் கமிட்டியும் இவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

பாசி கட்டும் தொழிலில் ஆள் வைத்திருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இடுப்பு உயரத்தில் ஒரு பலகை போட்டுக் கயிற்றை அதன்மேல் வைத்துக் கட்டச் செய்யுங்கள், கட்டுகிறவர்களையும் துண்டு போடுகிறவர்களையும் மணிக்கொரு தரம் மாற்றுங்கள், முடிச்சுக் கணக்கில் கூலி பேசாதீர்கள். ஈ-சேவை மையத்திலும் கடைக் கல்லாவிலும் நாள் முழுவதும் தட்டுகிற பிள்ளைகளுக்கும், இரவில் படுத்துக்கொண்டு ஒற்றைப் பெருவிரலால் செல்போனைத் தேய்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விரல்கள் மரத்துப்போய் நடுநிசியில் கையை உதறிக்கொண்டு விழிப்பதும், பிடித்த டம்ளர் நழுவுவதும் நொச்சியிலையோடு நிறுத்திக்கொள்ளும் விஷயங்கள் அல்ல; மணிக்கட்டினுள் நரம்பு நசுங்குவதன் குறியாக இருக்கலாம்; சர்க்கரை வியாதியும் தைராய்டுக் கோளாறும் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது அதிகமாக வருகிறது. சீக்கிரம் காட்டினால் இரவுக் கட்டோடு போய்விடக்கூடும். தாமதித்தால் பெருவிரலின் மேடு வற்றி, கத்தி வைக்க வேண்டியதாகும். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி நடக்கிறது; என் காலத்தைப் போல இதற்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.